விசில் மாமாவின் விரல் விளையாட்டு

எங்கள் உள்ளரங்கத்தில் ஃபுட்சால் என்கிற ஐவர் கால்பந்து சொல்லித்தருபவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மாமா. பகலில் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவார். அப்படியொரு பயந்தாங்கொள்ளி. அரங்கத்தின் சாவி என் கையில் இருப்பதால், பத்து வருடமாக அவர் பயங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

ஆனாலும் பந்தைக் காலை விட்டு விலகாமல் கொண்டுபோகக் கற்றுத்தருவதில் ஆள் கெட்டிக்காரர். பாடம் நடத்த மாட்டார், எல்லாமே விளையாட்டுதான். பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக, ஆளுக்கொரு பந்தை உருட்டியபடி ஓடிவர வேண்டும். எதிர்முனையில் அவர் காட்டும் விரல்களை எண்ணிக் கத்த வேண்டும். பந்தையே பார்த்துக் குனிந்து ஓடும் பழக்கம் தானாகப் போய்விடும். அவருடைய ஒன்பது வயது மகள்தான் இதில் ராணி. ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அன்று ஆட்டத்தில் தூரத்திலிருந்து வந்த பந்து முழங்காலில் பட்ட பிறகுதான் அவள் திடுக்கிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதேபோல. விசில் மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அந்த அண்ணனுக்கு இருபது வயதில் பார்வை முழுசாகப் போய்விட்டது. பரம்பரையில் வரக்கூடியது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

"விரலையெல்லாம் கரெக்டா எண்ணுறாளே! உங்களுக்குத் தொட்டதுக்கெல்லாம் பயம் அண்ணே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகளை மட்டும் எதிர்க்கோட்டில் நிறுத்தினார். மூன்று விரல்களைத் தூக்கிக்காட்டினார்.

அவள் வந்தாள். பந்து காலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தலையும் நிமிர்ந்துதான் இருந்தது, கண் அவர் கையைத்தான் பார்த்தது. பாதித் தூரம் வந்தும் பதில் இல்லை. பந்தை மிதித்து நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா, எத்தனை?"

அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் யாரும் கத்தலையேப்பா. யாராவது சொன்னாதானே நான் சொல்ல முடியும்?"

சிரித்த வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அவர் விரல்களை மடக்கவில்லை. ஒவ்வோர் அடியாக அவளை நோக்கி நடந்தார். ஓர் அடிக்கும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. கை எட்டும் தூரத்துக்கு அவர் வந்த பிறகுதான் அவள் துள்ளிக் குதித்தாள்.

"மூணு! அப்பா, மூணு!"