கதிர் சாரும் ஈரத் துணியில் வைத்த இலையும்

கதிர் சார் இறந்துவிட்டார். நேற்று, கோயம்புத்தூரில் அவர் வீட்டில்... நெஞ்சுவலியாம். காலையில் ஹரிணி மேடம் போன் செய்து சொன்னார்.

குன்னூரில் சாரும் மேடமும் சின்ன சேட்டிலைட்டுக்கு கேமரா செய்கிறார்கள். நான் அங்கே கூட்டித் துடைத்து டீ போடுகிறவள். அதற்கு முன்னால் எஸ்டேட்டில் இலை பறித்தேன், முட்டி தேய்கிற வரைக்கும்.

அந்த கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் பார்க்குமாம். ஒருநாள் சார் ஸ்கிரீனைக் காட்டினார். டம்ளரில் இருந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பு.

"குடிச்சுப் போடாதீங்க்கா, பல்லு கறுத்துரும்" என்றார். சிரிக்காமல் சொல்வார். நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்...

ஈரம் இருந்தால் கறுப்பு, காய்ந்தால் வெளுப்பு. மேலே இருந்து பார்த்தால் எந்தத் தோட்டம் காய்கிறது என்று தெரியுமாம்.

லென்ஸ் புதிதாகச் செய்யச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகும் என்று, ரெடியாகக் கிடைப்பதில் மூன்று வரவழைத்தார்.

"ரெடிமேட் சட்டை மாதிரிங்க்கா. தோள் சரியா இருந்தா கை நீளமா இருக்குது."

ஒன்று ரொம்ப கனம். ஒன்றில் ஓரமெல்லாம் மங்கல். மூன்றாவது சின்னது, கேமராவில் அழகாக உட்கார்ந்தது. அந்த வெளிச்சத்தை ஒழுங்காக உள்ளே விடுகிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி.

அதற்கு என்னிடம் இலை கேட்டார். அன்றைக்குப் பறித்தது ஒரு பிடி. முந்தின நாளே பறித்து, வாட விட்டது ஒரு பிடி.

வாடின இலையைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. எடை போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் திட்டு விழும். முந்தின நாள் இலையைக் கை தன்னாலே ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டது... காலையில் துணியை எடுத்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவருக்கு இலை பார்த்துப் பழக்கமில்லை.

"ஏனுங்க்கா, ரெண்டும் ஒரே கறுப்பாத் தெரியுதுங்களே."

"எனக்கென்னங்க சார் தெரியும்" என்றேன்.

அன்று முழுக்க லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. சாயங்காலம், "இதுவும் ஆகாதுங்க்கா" என்று பெட்டியில் வைத்து ஒட்டினார். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை அந்தத் துணியைத் துவைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, ஈரத் துணியில் இலை வாடவே இல்லை, அதனால்தான் இரண்டும் கறுப்பு. போனில் எப்படிச் சொல்வது... திங்கட்கிழமை வந்ததும் நேரில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

இன்றைக்குத்தான் திங்கட்கிழமை.

அழுதுகொண்டிருந்த மேடத்திடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக் காலை கூரியர்காரர் பெட்டியை எடுக்க வருவார். அதனால் சாருக்கு எல்லாரும் இரங்கல் எழுதும் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன். யாராவது மேடத்திடம் காட்டுங்கள்.

மேடம், அந்தச் சின்ன லென்ஸைத் திருப்பி அனுப்பிராதீங்க. அது மேல தப்பில்லைங்க. மறுபடியும் இலை கொண்டாரேன், நல்லா வாட விட்டே கொண்டாரேன்.

சார்... உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேனுங்க.

போயிட்டு வாங்க.