லிஃப்டின் வயிற்றில் ஒரு வலை

மின்தூக்கி இல்லாத கட்டடத்துக்கு வீடு மாற்றுகிறவர்கள் எங்களிடம் ஒரே ஆளைத்தான் கேட்பார்கள். ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஏறுவான். அதனால் அவன் பெயரே லிஃப்ட் ஆகிவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஒற்றைத் தள்ளுவண்டியில் தொடங்கி இன்று நான்கு லாரிக்கு முதலாளி. ஆள் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. லிஃப்டை எடுத்தவனும் நான்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் "அறுத்த உடம்பு" என்று சொல்லி என் ஆட்களே விரட்டப் பார்த்தார்கள். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவு புடைப்பு அவனுக்கு இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போகும், எடை தூக்கினால் வெளியே வரும். துணியை மடித்து அதன்மேல் வைத்து, ஃப்ரிட்ஜ் கட்டுகிற பட்டையாலேயே இறுக்கிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறான். பெண்டாட்டியிடம் வாயுக் கோளாறு என்று சமாளித்திருக்கிறான்.

ஒரு நாள் இரும்பு பீரோவை இறக்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். புடைப்பு கல்லாகிவிட்டது, வாந்தி வேறு. கூட இருந்த அறிவாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சரக்கைச் சறுக்கி இறக்கும் பலகையை லாரியில் சாய்த்து, அவனைத் தலைகீழாகக் கிடத்தி, குறுகிய வாசலில் சோபாவை நுழைப்பதுபோல் ஆளாளுக்கு அமுக்கியிருக்கிறார்கள். நான் போய்த் திட்டித் தீர்த்துவிட்டு, அதே லாரியில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வயிற்றுச் சுவரில் ஓட்டை. டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குவதுபோல் குடல் பிதுங்கியிருக்கிறது. வெளியே பட்டை கட்டினால் ஓட்டை மூடாது. பிதுங்கிய குடல் மாட்டிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் அழுகிவிடும். நல்லவேளை, அழுகவில்லை. குடலை உள்ளே தள்ளி, ஓட்டையைத் தைத்து, மேலும் கிழியாமல் உள்ளே கொசுவலை மாதிரி ஒரு வலை வைத்தார்கள்.

டாக்டரம்மா சொன்னபடி பல மாதம் எடை தொடாமல் இருந்து, பிறகு அவரே சரி என்றபின்தான் லிஃப்ட் வந்தான். மாடிக்கு ஏற்ற வேண்டிய ஒரு பீரோ எதிரே நின்றது. அதன் மறுமுனையைப் பிடிக்க ஒருவனும் வரவில்லை. ஆட்களுக்குத் தலைவன் என் மச்சினன்.

"அறுத்த உடம்பு மாமா. படியில விட்டான்னா கீழ நிக்கிறவன் காலி. ஆஸ்பத்திரி வாசல மிதிக்காத உடம்புதான் உடம்புன்னு நீங்கதான சொல்வீங்க?"

லிஃப்ட் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அதக் கேட்டுக் கேட்டுத்தான் முதலாளி நானும் மறைச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. சட்டையைத் தூக்கினேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன், நிலம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் காணாமல் போனவன் நான். அப்போது அறுத்த தழும்பைப் பெண்டாட்டியைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை.

"எனக்கும் உள்ள வலைதான் இருக்கு. அதுக்கப்புறம் பேங்க் லாக்கர மூணாவது மாடிக்கு ஏத்துனது யாருடா?"

"நீங்கதான் மாமா," என்றான் மச்சினன் தரையைப் பார்த்து.

பீரோவின் கீழ்முனையை நானே பிடித்தேன். முதல் திருப்பத்துக்குள் மச்சினன் ஓடிவந்து, என்னைத் தள்ளாத குறையாக அதை வாங்கிக்கொண்டான். மேல்முனையில் லிஃப்ட். அந்தப் பட்டை இப்போது அவன் வயிற்றில் இல்லை, பீரோவைச் சுற்றி இருந்தது.