பந்தோடு பேசுகிறவர்

“காத்து ஒண்ணும் காரணமில்ல,” என்றார் ரெமிஹியோ. “புழுக்கமும் இல்ல. தோள்பட்டையும் கல்லு மாதிரி உறுதியா இருக்கு.”

யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. மனைவி நூரிஸ் அவித்த வாழைக்காயை மசித்துக்கொண்டிருந்தாள். மகள் யஹைரா கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“உன்ன யாருய்யா கேட்டா?” என்றாள் நூரிஸ். “நேத்து அந்த அடி வாங்கிட்டு வந்து, காலங்காத்தால காத்துக்குச் சாட்சி சொல்ற.”

அடி வாங்கியது உண்மைதான். முந்தின நாள் ஆட்டத்தில் பந்து வீச வந்தவர், ஒருத்தனைக்கூட வெளியே அனுப்ப முடியாமல் திரும்பினார். எதிரே வந்தவனெல்லாம் சொல்லிவைத்தது போல வெளுத்துவிட்டான். மேனேஜர் சாகோ தோளில் கை போட்டு, “வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை இறக்குறேன் ரெமி. அன்னைக்கும் இதே கதைன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துரு. வெனிசுவேலாவுலேர்ந்து ஒரு பய வந்து காத்துக் கெடக்கான்” என்று சொல்லிவிட்டார். வயது நாற்பத்தொன்று. இங்கே சட்டையைக் கழற்றினால் வேறு எந்த அணியும் மாட்டிவிடப் போவதில்லை. அதோடு பேஸ்பால் முடிந்தது.

தெருவுக்குத் தெரு பேஸ்பால் ஆடும் சான் பெத்ரோவில் பிறந்த பிள்ளை சும்மா இருக்குமா? பதினேழு வயதில் அமெரிக்க அணி ஒன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. அங்கே சின்ன ஊர்களில், குளிரில், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து எட்டு வருஷம் ஓடியது. பெரிய லீக்கின் வாசப்படியை மிதிக்கவே இல்லை. எதிரே மட்டை பிடித்தவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்தான், அவர்கள் விடவில்லை.

பிறகு தைவானுக்குப் போனார். அங்கே மனிதர் ராஜா! அவர் பந்து வீசும் மேட்டில் ஏறினால் மேளம் கொட்டினார்கள். தேநீர் பாட்டிலில் அவர் படத்தைப் போட்டு விற்றார்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஊருக்கு வந்து ஊர் அணிக்கு ஆடினால் உதைதான். வெளியில் புலி, வீட்டில் எலி என்பது அவருக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

ஊரார் சும்மா இருப்பார்களா? கடல் காற்று என்றான் ஒருவன். கண்ணேறு என்றாள் ஒருத்தி. நூரிஸ் நடத்தும் சலூனில், தலையில் சுருள் மாட்டி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே, “உன் சமையல்தாண்டி. வயித்த மந்தமாக்கிடுது” என்றார்கள். மைதானத்திலோ கேலிக்கு அளவே இல்லை. “ரெமி, அந்த டீ பாட்டில்ல ஒரு ஆளு இருந்தானே, அவன அனுப்புய்யா!” என்று மேல் வரிசையிலிருந்து கத்துவார்கள். பேத்தி பிறந்ததும் அணிப் பிள்ளைகள் தாத்தா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கேலி மட்டும் அவருக்கு இனித்தது. தாத்தா என்று கூப்பிட்டவனுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாப்பிட்டு முடித்து, பின்கட்டுச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து வீசிப் பழகினார். யஹைரா குழந்தையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி லியானி சிணுங்கிக்கொண்டே இருந்தாள். தாத்தா காலைத் தூக்கும்போது மட்டும் சத்தம் நின்றது. சின்ன வாய் குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது.

“அப்பா, நில்லு. இன்னொண்ணு போடு,” என்றாள் யஹைரா. அவர் போட்டார். “இவ உன் கையப் பாக்கலப்பா. வாயப் பாக்குறா.”

“என் வாயில என்ன இருக்கு?”

“நீ பேசுற.”

“பந்துகிட்டதான பேசுறேன்? சின்னப் புள்ளையிலேர்ந்து பேசுறேன். அது கேக்கும்.”

“என்ன பேசுற?”

“ஓடு ராஜான்னா வேகப்பந்து. திரும்பிப் போன்னா வளையுற பந்து. மெல்ல மெல்லன்னா...”

அவர் குரல் தேய்ந்தது. நூரிஸ் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“தைவான்ல எவனுக்குப்பா நம்ம பாஷை தெரியும்?” என்றாள் யஹைரா மெதுவாக.

ரெமிஹியோவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தலைநகரத்து அணியின் பயிற்சியாளன் ஒருவன் மூன்றாவது தளத்துக்குப் பக்கத்தில் நின்று விசில் அடிப்பான். ஏதோ சந்தோஷத்தில் அடிக்கிறான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! இவர் உதட்டைப் படித்துத்தான் மட்டைக்காரனுக்குச் சேதி சொல்லியிருக்கிறான்.

நூரிஸ் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அடப்பாவி மனுஷா! இத்தன வருஷமா என் சமையலத் திட்டுனாங்களே!”

வாயை மூடிக்கொண்டு வீசிப் பார்த்தார். பந்து மெத்தையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டில் விழுந்தது. கையுறையால் வாயை மறைக்கச் சொன்னாள் மகள். கையுறையை விட்டுக் கை பிரியும் நேரத்தில்தான் அவருக்குப் பேச்சு வரும், எதைக் கொண்டு மறைப்பது? “அப்ப மாத்திச் சொல்லு. ஓடுன்னு சொல்லிட்டு மெதுவாப் போடு,” என்றாள்.

“பந்துகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?” என்று கேட்டார். பெற்ற தாயைத் திட்டச் சொன்னது போல இருந்தது அவர் முகம்.

வெள்ளிக்கிழமை, தலைநகரத்து அணியோடு ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். ஊர் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. அந்த நேரத்தில் சாகோ அவரை இறக்கினார். முதல் ஆளுக்கு வாயைத் திறக்கவில்லை. பந்து நான்கு பக்கமும் சிதறியது. அவன் மட்டையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை, சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போனான். இரண்டாவது ஆளுக்குப் பொய் சொல்லிப் பார்த்தார். ஓடு ராஜா என்றது வாய், மெதுவாகப் போட நினைத்தது மனசு. கை பழக்கப்படி வாயின் பேச்சைக் கேட்டது. விசில் பறந்தது, பந்தும் பறந்தது. இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். இவரை மாற்றுவதற்காக சாகோ ஒரு காலை எடுத்து மைதானத்துப் படியில் வைத்துவிட்டார்.

கேட்சர் வில்கின் ஓடி வந்து கையுறையால் வாயை மூடிக்கொண்டான். “தாத்தா, என்ன நடக்குது?”

“வில்கின், இன்னைக்கு சாயங்காலம் லியானி என் மூக்கப் பிடிச்சாடா.”

“இப்ப இதுவா முக்கியம்?”

“வேற எதுவும் மனசுல நிக்கலடா.”

வில்கின் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனான். அடுத்து மட்டையோடு வந்தவன் சூச்சோ. பக்கத்துத் தெருப் பையன், நூரிஸ் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், இப்போது தலைநகரத்து அணிக்கு ஆடுகிறான். “தாத்தா, சீக்கிரம் போடு! அம்மா சோறு எடுத்து வச்சிருக்கு!” என்று கத்தினான். கூட்டம் சிரித்தது.

ரெமிஹியோ காலைத் தூக்கினார். கை பிரியும்போது, “மூக்கப் பிடிச்சா” என்றார் பந்திடம். அது பொய் இல்லையே! பந்து நேராக வந்து கடைசியில் வளைந்து உள்ளே விழுந்தது. மூன்றாவது தளத்துக்குப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளன் விசிலுக்காக விரலை வாயில் வைத்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது.

சூச்சோ கேட்சரைத் திரும்பிப் பார்த்தான். “மூக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே. மூக்குன்னா என்ன பந்து?”

“தைவான் சரக்கு,” என்றான் வில்கின்.

“தூக்கத்துல சிரிக்கிறா” என்று அடுத்த பந்து போனது. சூச்சோ மட்டையை வீசினான், காற்றுதான் கிடைத்தது. மூன்றாவதை அவர் மெதுவாக அனுப்பினார், “என் சட்டையில பாலக் கக்கிட்டா” என்று சொல்லி. பந்து வந்து சேருமுன் சூச்சோ சுற்றி முடித்து, ஒற்றைக் காலில் தடுமாறி நின்றான்.

“டேய், அம்மாவ சோத்த மூடி வைக்கச் சொல்லு!” என்றது மேல் வரிசைக் குரல். இந்த முறை கேலி வேறு ஆளுக்கு.

அடுத்தவன் தட்டிய பந்து தரையில் உருண்டது. நம் பிள்ளைகள் அள்ளியெடுத்து, ஒரே வீச்சில் இரண்டு பேரை வெளியேற்றினார்கள். சூச்சோவோடு சேர்த்து மூன்று பேர் வெளியே, எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தது. சாகோ படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஒன்பதாவதை வேறொருவன் வீசி முடித்தான். ஊர் அணி ஜெயித்தது.

மறுநாள் காலையில் சாகோவின் போன் வந்தது. “சட்டை உன்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்த நீதான் ஆரம்பிக்கிற. ஆறு இன்னிங்ஸ் தாங்குவியா?”

தாங்குவேன் என்று சொல்லி போனை வைத்தார் ரெமிஹியோ. முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது. எழுந்து உள்ளே போய், தொட்டில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் குனிந்து சொன்னார்:

“யஹைரா, என்கிட்ட இருக்கற சேதி ரெண்டு இன்னிங்ஸுக்குத்தாம்மா வரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள இவ இன்னும் என்னென்ன பண்றான்னு பாத்துச் சொல்லு.”