அம்மா தைத்த பாவாடை

எழுபதுகளின் கடைசியில், நான் டீச்சராக இருந்த பள்ளியின் ஆண்டுவிழா லம்பாடி நடனத்துக்காகச் சேலத்தில் ஒரு நாடக உடை வாடகைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கண்ணாடிச் சில்லு பதித்த சிவப்புப் பாவாடை ஒன்றை விரித்துக் காட்டினார். தெருவில் போன ஒரு லம்பாடிப் பெண் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். நெடிய உருவம், முழங்கை வரை வெள்ளை வளையல், உடம்பில் சாதாரண மில் சேலை. பாவாடையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“இது எங்கம்மா தைச்சதுங்க. கண்காட்சியில வெச்சுட்டுத் திருப்பித் தாரேன்னு ஒருத்தரு வாங்கிட்டுப் போனாருங்க.”

“நான் காசு குடுத்து வாங்குனது. தொடாத, அழுக்காயிரும்,” என்றார் கடைக்காரர்.

அவள் பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இதக் கட்டிக்கிட்டு வந்தா எங்கள பஸ்ல ஏத்த மாட்டீங்க. உங்க புள்ளைங்க கட்டி ஆடுனா கை தட்டுவீங்க. நான் தொட்டா அழுக்கா?”

சேலைக்கு மேலேயே பாவாடையைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்று கடைக்காரர் கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வேற ஒண்ணு இருக்குதுங்க டீச்சர்,” என்று அவர் இன்னொரு பாவாடையை எடுத்துப் போட்டார். அதைத் தைத்தவளும் எங்கேயோ இருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைவீதி ஒதுங்கி நின்று பார்க்க, அவள் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.