சீர் வண்டிக்குப் போட்ட பட்டை: திருமயத்திலிருந்து ஜெகதாப்பட்டினம் போய் வந்தது

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எந்தக் குடும்ப குரூப்பிலும் போட்டுவிடாதீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் இல்லாத குரூப்பே கிடையாது. இந்தப் பயணத்தில் நடந்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற எனக்குப் பரீட்சை முடியும்வரை போனும் கிடையாது. அக்காவின் பழைய போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், கொடும்பாளூர் மூவர் கோவிலுக்கு எங்கள் ஜீப்பில் போய் வந்ததை எழுதியபோது, அதன் கீழே உங்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். ஒரு நாள் லோடு ஏற்றி, மறுநாள் குடும்பத்தை ஏற்றி ஓட்டுகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பின்னால் என்ன ஸ்பிரிங் போடலாம் என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். நாளைக் காலையில் அதே வண்டியில்தான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் என் அக்காவைப் புதுக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போகப் போகிறார்கள். வண்டியில் எதையும் மாற்றவில்லை. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

எங்கள் வீடு திருமயத்துக்குப் பக்கத்தில், தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரைப்பாதை முழுக்கச் சேறு. ஆட்டோ வராது, வாடகைக் கார் வராது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மட்டும்தான் வரும். அதனால்தான் அப்பா பழைய நீள பாடி ஜீப் ஒன்றை வாங்கினார். முன்னால் இரண்டு சீட், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. உரமும் நெல்லும் அதில்தான். கல்யாணமும் காதுகுத்தும் அதில்தான்.

ஜீப்பின் பின்னச்சுக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பட்டறையில் அதைப் பட்டை என்பார்கள். எங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஐந்து பட்டை. வெறும் வண்டிக்கு அது சுகமாக இருக்கும். லோடு ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். போன வருடம் ஒரு காதுகுத்துக்கு அரிசி மூட்டைகளோடு போய் இறங்கியபோது மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “என்ன மச்சான், வண்டிக்கு வயித்தால போகுதா? குந்தியே வருது!” அப்பாவும் சிரித்தார். ஆனால் அதை மறக்கவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஜெகதாப்பட்டினத்தில். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, சிங்கப்பூரில் இருக்கிறார். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், அங்கே ஐஸ் பிளான்ட் நடத்துகிறார். வளைகாப்புக்குச் சீர் கொண்டுபோய், முடிந்ததும் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி குந்தக் கூடாது என்று, அதற்கு முந்தின வாரம் அப்பா பட்டறைக்குப் போனார். நானும் போனேன்.

மெக்கானிக் அண்ணன் மூன்று வழி சொன்னார். முதலாவது, இருக்கிற அடுக்கிலேயே பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடப் போடுவது. கூலியோடு ஆறாயிரத்து எண்ணூறு. இரண்டாவது, ஹெல்பர் பட்டை. அது அடுக்குக்கு மேலே சும்மா இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால்தான் முட்டித் தாங்கும். ஒன்பதாயிரம் ஆகும், ஆர்டர் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைக்கிற காற்றுப் பை. லோடுக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். விலை இருபதாயிரத்துக்கு மேல்.

“ரெண்டு பட்டையவே போடுப்பா” என்றார் அப்பா.

“போட்டுர்றேண்ணே. ஆனா லோடு இல்லாம போறப்ப தூக்கித் தூக்கிப் போடும்.”

“சீரக் கொண்டு போறவன் லோடு இல்லாம எங்கப்பா போகப்போறேன்?”

மூன்று பேருமே சிரித்தோம். திரும்பி வர வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வண்டியில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் பத்து, பித்தளை அண்டாக்கள், ஏழு வகைச் சோறு, வாழைத்தார், அதற்கு மேல் மூன்று பெரியம்மாக்கள். எப்படியும் அறுநூறு கிலோவுக்குக் குறையாது. டயரில் லோடுக்கு ஏற்றபடி காற்றை ஏற்றியிருந்தோம். மற்ற சொந்தக்காரர்கள் வேனில் பின்னால் வந்தார்கள். அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல் வழியாக எங்கள் மீட்டரில் எண்பத்திரண்டு கிலோமீட்டர். அறந்தாங்கியில் டீக்கு நிறுத்தியதோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆனது.

போகும்போது வண்டி ஓடியதைச் சொல்ல வேண்டும். ஒரு குலுக்கல் இல்லை. ரசம் இருந்த தூக்குவாளியின் மூடி நகரவில்லை. “ஊஞ்சல் கெட்டுச்சு போடி” என்றார் பெரிய பெரியம்மா. வாசலில் வண்டி நிமிர்ந்து நின்றது. அப்பா இறங்கி ஒருமுறை பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அன்றைக்குத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நின்றன. கடலுக்குப் போன ஒரு படகு இன்னும் திரும்பவில்லையாம். அதனால் மேளம் வைக்கவில்லை என்று அத்தை மெதுவாகச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அத்தை வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். ஐஸ் வண்டி மூன்று வைத்திருக்கிறவர்.

“அண்ணே, புதுப் பட்டை போட்டிருக்கீங்க போல. வெறும் வண்டியாப் போகாதீங்க. எங்க ஐஸ் வண்டியும் இப்படித்தான், போறப்ப மெத்தை, வாரப்ப ஒரலு. பிளான்ட்டுல உப்பு மூட்டை கெடக்கு. ஒரு ஆறு மூட்டைய அச்சு மேல போட்டு விடுறேன். வீட்டுல எறக்கிக்கங்க.”

அப்பா கையைக் கூப்பிவிட்டார். “அது வேணாம்மா. சீர் எறக்குன வண்டியில மூட்டைய ஏத்திக்கிட்டுப் போனா, பாக்குறவன் என்ன சொல்லுவான்? சீரத் திருப்பி விட்டுட்டாங்கன்னு ஊரு பூராச் சொல்லிருவான்.”

“அப்ப எங்க ஆளுக நாலு பேர ஏத்தி விடவா? மனுசனச் சீருன்னு எவனும் சொல்ல மாட்டான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை. பெரியம்மாக்கள் மூன்று பேரும் ஏசி வேனில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் வண்டியில் அப்பா, அம்மா, அக்கா, நான்.

அக்கா முன்சீட்டில் உட்காரப் போனாள். “ரோட்டுல போற வாரவன் கண்ணெல்லாம் பட்டுரும்” என்று அம்மா அவளைப் பின்னால் ஏற்றி, பெஞ்சில் கால் நீட்டச் சொல்லி, சேலையைத் திரையாகக் கட்டினார். தலையில் வேப்பிலையும் செருகினார். அந்தப் பெஞ்சு பின்னச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டியிலேயே அதிகமாகத் தூக்கிப் போடும் இடம் அதுதான். டயரில் காற்றைக் குறைக்கவும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மீமிசல் வேகத்தடையில் முதல் அடி. “உள்ள இருக்கவன் வளையல் சத்தத்துக்கு ஆடுறான்டி” என்று அக்கா சிரித்தாள். இரண்டாவது வேகத்தடையில் சிரிக்கவில்லை. ஆவுடையார்கோயில் தாண்டி ஒரு பாலத்தில் ரோடு கொஞ்சம் இறங்கி ஏறும். காலையில் அந்த இடம் எங்களுக்குத் தெரியவே இல்லை. இப்போது வண்டியின் பின்பக்கம் முழுதாக எழும்பி விழுந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். வளையல் இரண்டு உடைந்தது. “அம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றாள். சேலையில் கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது.

அறந்தாங்கியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேன் முன்னாலேயே போய்விட்டதால் அதில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் குலுக்கல் ஆகவே ஆகாது, படுத்தே இருக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துப் புதுக்கோட்டையில் ஸ்கேன் பாருங்கள் என்றார் டாக்டர். அங்கிருந்து வீடு வரை அக்கா முன்சீட்டில் வந்தாள். கண்படுவதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இருபதுக்கு மேல் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று மட்டும் சொன்னார். “இது நம்ம நாலு பேரோட போகட்டும்.” அத்தைக்குத் தெரிந்தால் ‘நான்தான் சொன்னேனே’ என்று கேட்பார். மாமாவுக்குத் தெரிந்தால் அங்கே வேலையில் இருக்க மாட்டார். பட்டையைக் கழற்றப் போனால், ஏன் கழற்றுகிறீர்கள் என்று பட்டறையில் கேட்பார்கள். அதனால் அது கழற்றப்படவில்லை. “ரோடு சரியில்ல” என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

நான் விடவில்லை. ஸ்கேலை வைத்து டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளியை அளந்தேன். வெறும் வண்டியில் இருபத்துமூன்று சென்டிமீட்டர். செவ்வாய்க்கிழமை அப்பா ஆறு மூட்டை யூரியா ஏற்றினார், மூட்டை நாற்பத்தைந்து கிலோ. நானும் கூட ஏறிக்கொண்டேன். இடைவெளி பத்தொன்பதாகக் குறைந்திருந்தது. பின் பெஞ்சில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கரைப்பாதை முழுவதும் வந்தும் கொஞ்சம்தான் தளும்பியது. மூட்டைகளை இறக்கிவிட்டு அதே பாதையில் திரும்பும்போது பாதி டம்ளர் என் பாவாடையில் இருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லி, அக்காவைக் கூட்டிப்போகும்போது ஆறு மூட்டை மணலாவது பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

“படிக்கிற புள்ள பாடத்தப் பாரு. பட்டைய நான் பாத்துக்குறேன்” என்றார்.

அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். சாயந்திரம் என்னிடம் மட்டும், “நாளைக்கு எனக்குப் பயமா இருக்குடி. அப்பாகிட்டச் சொல்லாத, சங்கடப்படுவாரு” என்றாள். இரண்டு நாளாக மழை. வேறு வண்டி உள்ளே வராது.

எனவே, கேட்டவர்களுக்கு என் பதில். லோடோடு எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று மட்டும் யோசித்துப் பட்டை வாங்காதீர்கள். லோடை இறக்கிவிட்டு யாரை ஏற்றிக்கொண்டு திரும்புகிறீர்கள் என்று யோசியுங்கள். எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டிக்குக் கூடுதல் பட்டை சரி. எங்களைப் போல மாறி மாறி ஓட்டுகிறவர்கள் ஒரு வாரம் காத்திருந்தாலும் ஹெல்பர் பட்டையே போடுங்கள். வெறும் வண்டியில் அது வேலை செய்யாது, அதுதான் அதன் நல்ல குணம். காசு இருந்தால் காற்றுப் பை இன்னும் நல்லது. ஆனால் முள்ளுக்காட்டில் ஓட்டுகிறவர்கள் அது கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் போட்டாலும் ஷாக் அப்சார்பர் அந்தப் பட்டைக்கு ஈடு கொடுக்குமா என்று கேளுங்கள். லோடை இறக்கியதும் டயரில் ஏற்றிய காற்றையும் குறையுங்கள்.

ஏற்கனவே கெட்டிப் பட்டை போட்டுவிட்டு உடனே கழற்ற முடியாதவர்கள், மணல் மூட்டைகளை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக அடுக்கி, நகராமல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உடம்புக்கு முடியாதவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். யார் என்ன சொன்னாலும் பின்னால் ஏற்றாதீர்கள். ஏற்றுகிற பாரம் சீர்வரிசையாக இருந்தாலும் சரி, மணலாக இருந்தாலும் சரி, பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. மனிதர்களுக்குத்தான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“ஆத்தா, முழிச்சுத்தான இருக்க, வெளிச்சம் தெரியுது. டார்ச்ச எடுத்துக்கிட்டு வா. மணலு அள்ளணும், சாக்குப் பிடிக்க ஆளு வேணும். எத்தனை மூட்டைன்னு சொன்ன?”