அண்ணாச்சி கொண்டுவந்த நீலம்

பம்பாயில் என் காலைப் பொழுது பிறத்தியார் சிறுநீரைக் காய்ச்சுவதில் தொடங்குகிறது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதை நானே கெடுக்கிறேன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தாராவிக்குத் திரும்பும் சாலையில் ஒரு தர்ம டிஸ்பென்சரி. அங்கே நான் நர்ஸ். எட்டரை மணிக்கெல்லாம் என் மேசையில் பாட்டில்கள் வரிசை கட்டிவிடும். இருமல் மருந்து பாட்டில், தேங்காயெண்ணெய் பாட்டில், ஊறுகாய் பாட்டில், இந்த மதுவிலக்குப் பட்டணத்தில் ஒரு தடவை பிராந்திப் பாட்டில்கூட வந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் எட்டுச் சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பேன். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் உண்டு. மஞ்சள் என்றால் அதற்கும் மேல். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் ஆசாமி மோசம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஊரில் இந்த வியாதிக்கு இவ்வளவு சடங்கு கிடையாது. என் அப்பாவுக்கு இது இருந்தது. கொல்லையில் அவர் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. பரிசோதனையும் அதுதான், முடிவும் அதுதான். வைத்தியர் வந்து நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பெரியப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். அப்பாவிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மனசு விட்டுவிடுவாராம். காலில் வந்த புண் ஆறாமல் எட்டு மாதம் கிடந்து, தனக்கு என்ன என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நான் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தது அந்தக் கோபத்தில்தான். கல்யாணமாகி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவரோடு பம்பாய் வந்தபோது இங்கே எல்லாம் நேர்மாறாக இருந்தது. எங்கள் டாக்டர் ஆளைப் பார்க்கும் முன் பாட்டிலைப் பார்ப்பார். மராட்டிக்காரர், தங்கமான மனுஷர், ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு முகம் பார்க்க எங்கே நேரம்? தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவர் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னால் அதை நாற்பதாக்கித் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் தாராவிக்காரர்களுக்கு நான் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சிமுத்து அண்ணாச்சி அப்படி என்னிடம் மாட்டிக்கொண்டவர். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, குடும்பம் ஊரில். தாராவியில் பலசரக்குக் கடை. மனைவியின் தம்பி இசக்கி கூடமாட இருந்தான். இருபத்தைந்து வயது, மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிற உடம்பு. அண்ணாச்சி கடையில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. நன்னாரி வேர் கேட்டாலும் சரி, லாந்தர்த் திரி கேட்டாலும் சரி, "உக்காருங்க, எடுத்துத் தாரேன்" என்பார். இசக்கி பின்வாசல் வழியாக ஓடி, நாலு கடை தள்ளி வாங்கிவந்து பின்வாசல் வழியாகவே நீட்டுவான். வந்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவே தெரியாது. நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தெரியாத பட்டணத்தில் அவர்கள் கால் ஊன்றியதே இதனால்தான்.

அவர் முதல் முறை கொண்டுவந்தது செக்கச் செவேல் என்று செங்கல்லாகத் திரும்பியது. டாக்டர் முகம் மாறிவிட்டது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், மூன்று வேளையும் மாத்திரை, விட்டால் கண்ணும் காலும் போகும், அதற்கும் கேட்காவிட்டால் ஊசிதான், இதை இவருக்குப் புரியவை என்றார். நான் அரை மணி நேரம் பேசினேன். சோற்றைக் குறைப்பது, கருப்பட்டியைத் தொடாமல் இருப்பது, பாகற்காய், கோதுமை, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது வரை ஒன்று விடவில்லை. அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் "சரி தாயி" என்றார். வெளியே கூட்டம் முண்டியது. அவசரத்தில் நான் முடித்துவைத்தேன்:

"அடுத்த வாரம் இது நீலமா இருக்கணும் அண்ணாச்சி. டாக்டர் நீலந்தான் கேக்காரு."

"அம்புட்டுத்தான? நீலமாக் கொண்டாந்துருதேன் தாயி."

சொன்னபடி கொண்டுவந்தார். கொதிக்கக் கொதிக்க நீலம் அசையவில்லை. டாக்டர் எழுந்து நின்று "வெரி குட்! பஹுத் அச்சா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "டாக்டருக்குத் திருப்திதான?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, எனக்கும் தலைகால் புரியவில்லை. வாரத்துக்கு வாரம் நீலம். டாக்டர் மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டி, இந்த மதராஸியைப் பாருங்கள், சொன்னதைக் கேட்கிறார் என்று இந்தியில் பிரசங்கம் செய்வார். மூன்று மாத்திரையை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினார். "உன் விளக்கம் அப்படி" என்று என்னையும் பாராட்டினார். அன்று சாயங்காலம் கணவரிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

ஆனால் நாலு மாதத்தில் அண்ணாச்சியின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. டிஸ்பென்சரிப் பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். கொழுப்பு கரைகிறது, நல்லதுதான் என்றார் டாக்டர். நீலம் இருக்கும்போது அவர் வேறு எதைப் பார்ப்பார்? பிறகு அண்ணாச்சி வருவதை நிறுத்தினார். பாட்டில் மட்டும் இசக்கி கையில் வந்தது. இசக்கியும் பாதியாகியிருந்தான். அத்தானை நினைத்துக் கவலைப்படுகிறான் பாவம் என்று எண்ணிக்கொண்டேன். காலில் ஏதோ குத்திவிட்டது, நடக்க முடியவில்லை என்று அவன் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை நானே கடைக்குப் போனேன்.

கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், கோலி என்பார்கள் இங்கே, அண்ணாச்சி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டை அவிழ்த்ததுமே வாடை வந்தது. பெட்டி ஆணி குத்தி இருபது நாளாகியிருந்தது. இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. "வலிக்கவே இல்லயே தாயி" என்றார், நல்ல சேதி சொல்வது போல. அப்பாவும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். நீலத்தில் இருக்கிற மனிதருக்கு இப்படி எப்படி ஆகும்? அப்போது இசக்கி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தான். அண்ணாச்சி முன்னால் குவித்த சோறு, குழம்பு, ஓரத்தில் ஒரு கட்டி கருப்பட்டி. இசக்கி முன்னால் இரண்டு காய்ந்த சப்பாத்தி, பாகற்காய்.

"தட்டு மாறிப் போச்சு" என்றேன்.

"மாறலயே. அவந்தான பத்தியம் இருக்கான்" என்றார் அண்ணாச்சி.

"அவன் எதுக்கு இருக்கான்?"

"நீலம் வரணும்லா தாயி."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. இசக்கி அதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டான். "யக்கா, நாலு மாசமா எனக்கு டீக்குச் சீனி கெடயாது, ராத்திரி சோறு கெடயாது. மாத்திரயும் நாந்தான் முழுங்குனேன். ரெண்டு தடவ கடயிலயே மயங்கி விழுந்தேன். பம்பாய் வெயிலுன்னு சொல்லிட்டாரு அத்தான்." பாட்டிலில் வந்தது முழுவதும் இசக்கியுடையது. அண்ணாச்சி என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட வீணாக்கவில்லை. அத்தனை பத்தியத்தையும் மச்சினன் மேல் ஏற்றியிருந்தார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தாரே, அதனால்தான் இசக்கி பிழைத்தான். அந்த ஒரு வைத்தியம் மட்டும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"நீங்க நீலம் கேட்டிய. எங்கிட்ட கெடந்தது செவப்பு" என்றார் அண்ணாச்சி, சமாதானமாக. "பெரிய மனுசர் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. 'இல்ல'ன்னா சொல்ல முடியும்? நாம தாரது நல்லதா இருக்கணும்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது; சிரித்தால் அது அழுகையாக முடியும் என்றும் தெரிந்தது. அவர் மேல் கோபப்பட வழியில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். டாக்டர் வைத்தியம் கேட்கவில்லை, நிறம்தான் கேட்கிறார் என்று அவரிடம் சொன்னது நான். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்: ரத்தம், சர்க்கரை, புண் ஏன் ஆறவில்லை, காலே போய்விடும் என்று எல்லாம். "சரி தாயி" என்றார் அண்ணாச்சி. அந்தச் "சரி" இப்போது எனக்குப் பயமாக இருந்தது.

இசக்கிதான் குறுக்கே வந்தான். "அத்தான், மஸ்ஜித் பந்தர் மொத்தக்கடச் சேட்டு என்ன செஞ்சாரு? சாம்பிளுக்கு ஒரு கைப்பிடி நல்ல துவரம் பருப்பக் காமிச்சிட்டு, மூட்டயில பூரா வண்டுப் பருப்பா அனுப்புனாரு. நீங்க ரயிலேறிப் போயி என்ன சத்தம் போட்டிய! அதத்தான இப்ப நீங்க செஞ்சிருக்கிய? சாம்பிளு நானு. மூட்ட நீங்க."

அண்ணாச்சி சோற்றுத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போனார். நீல மருந்தும் குழாயும் நான் பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் கடை மண்ணெண்ணெய் அடுப்பிலேயே வைத்துக் காட்டினேன். ரத்தச் சிவப்பாகத் திரும்பியது. "இம்புட்டு நாளும் இதுவா எனக்குள்ள கெடந்துச்சு?" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. ஒருவர் முகத்தில் பயத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்படியானால் நாலு மாதமாக நான் வைத்தியம் பார்த்தது யாருக்கு?" என்று கேட்டார். அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஊசி, மறுபடி ஊசி. கால் தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "வெரலு எங்க?" என்பதுதான். உடம்பு ஊரில்தான் எரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆள் அங்கேயும் விரல் இங்கேயுமாகக் கிடந்தால் எப்படிக் கரையேறுவது என்றார். அந்த இரண்டு விரல்களையும் இசக்கி ரயிலில் கொண்டுபோய் ஊரில் சேர்க்க வேண்டுமாம். நான் போய்க் கேட்டபோது வார்டு சிப்பந்தி, "க்யா கரேகா? பூஜா கரேகா?", வைத்துப் பூஜையா செய்வாய் என்று வாயைப் பிளந்தான். எப்படியோ ஒரு துணிச்சுருள் என் கைக்கு வந்தது. ஆனால் மூன்று நாள் ரயிலில் அது தாங்காது என்று சொல்லவேண்டியதாயிற்று. "சப்பாத்தியும் பாவக்காயும்னாலும் தின்னுதேன், இத டிபன் கேரியர்ல வச்சு எடுத்துட்டுப் போக மாட்டேன்" என்று இசக்கியும் கும்பிட்டுவிட்டான். கடைசியில் கடைக்குப் பின்னால், சாக்கடை ஓரத்துப் பப்பாளி மரத்தடியில் புதைத்தோம். இடத்தை அடையாளம் சொல்லச் சொல்லி அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவருடைய பாட்டிலில் அவருடையதுதான் வந்தது. மஞ்சள் வரும், பச்சை வரும், ஒளிக்காமல் கொண்டுவருவார். இசக்கி சோற்றுக்குத் திரும்பினான். சுவர்களில் எங்களைப் போன்ற மதராஸிகளை ஊருக்குப் போகச் சொல்லி எழுத ஆரம்பித்த வருஷம், அண்ணாச்சி கடையை இசக்கியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாகப் புறப்பட்டார். ஊசி போட்டுக்கொள்ள நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இனி வரமாட்டேன் தாயி என்று சொல்லிப் போனவர், இருபத்தைந்தாம் நாள் டிஸ்பென்சரி வாசலில் கைத்தடியோடு நிற்கிறார்.

"ஊர்ல போய்ப் படுத்தா, இல்லாத வெரலு அரிக்கு தாயி" என்றார். "குனிஞ்சு சொறியப் போனா அங்க ஒண்ணுமில்ல. வெரலு எங்க தாத்தான்னு பேத்தி கேக்கா. பம்பாயில கெடக்குன்னேன்."

வெட்டிய இடத்து நரம்புகள் சில பேருக்கு அப்படிச் செய்யும், இங்கேயும் அரிக்கத்தானே செய்யும் என்று கேட்டேன்.

"இங்கயும் அரிக்கத்தான் செய்யுது. ஆனா இங்க, அது எங்க கெடக்குன்னு தெரியும்லா."

அன்று சாயங்காலம் அவர் நடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைப் பக்கம் போனேன். அண்ணாச்சி பின்னால் பப்பாளி மரத்தடியில் கண்ணை மூடி நின்று, கைத்தடி நுனியால் மண்ணை மெதுவாகச் சொறிந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சுகம். மறுநாள் டாக்டர் அவரைப் பற்றி விசாரித்தபோது, நன்றாக இருக்கிறார் என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னேன்.