காற்று ஓயும் மாதங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் 'சிக்கனம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலையும் அப்படி. அடுக்கடுக்காகக் கணினிகள் நிற்கும் பெரிய கூடத்தில், எந்த வேலையை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நிரலை எழுதுபவள் அவள். சும்மா நிற்கும் கணினியும் மின்சாரத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய வேலைகளைச் சில கணினிகளில் சேர்த்துவிட்டு, மற்றவற்றைத் தூங்க வைப்பாள்.

அவள் கணவன் அதே நிறுவனத்தில் ஏசி மெக்கானிக். நிறுவனம் தொலைதூரக் கடற்கரையில், காற்றாலைகளுக்கு நடுவே இன்னொரு கூடம் கட்டியபோது, அதைக் குளிர வைக்கும் இயந்திரங்களைக் கவனிக்க அவனை அனுப்பியது. "ஒரு வருஷந்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை விட்டு அவளால் நகர முடியவில்லை.

அந்த வருடம்தான் அவள் புதிய நிரலை எழுதினாள். மருத்துவமனை அறிக்கை போன்ற அவசர வேலைகள் ஊரிலேயே நடக்கும்; காத்திருக்கக்கூடிய பெரிய கணக்குகள் காற்று வீசும்போது கடற்கரைக்குப் போகும். மின்செலவு மளமளவென்று இறங்கியது. கூட்டத்தில் கைதட்டினார்கள். அதே கூட்டத்தில் கடற்கரைக் கூடத்தைப் பெரிதாக்கவும் முடிவானது. அவன் ஊர் திரும்பும் பேச்சு அத்தோடு நின்றது.

அன்று இரவே அவனுக்குப் போன் செய்து சொன்னாள். "என்னாலதாங்க. வேலையெல்லாம் அங்க தள்ளிவிட்டதே நான்தான்."

மறுமுனையில் காற்றின் இரைச்சல். பிறகு அவன் சிரிப்பு. "அடிப்பாவி! கரண்ட்ட மிச்சம் பண்ணி, புருஷன செலவு பண்ணிட்டியே!"

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், வேலைகள் ஊரிலேயே தங்கிவிடும். யாருக்கும் தெரியாது. நினைத்து நினைத்துப் பார்த்தாள், மனம் ஒப்பவில்லை. கடற்கரையின் காற்று அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று ஓயும் மாதங்களில் அங்கே பாதிக்கு மேற்பட்ட கணினிகள் வெட்டியாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பருவம் முழுக்க அவற்றை அணைத்தே வைக்கலாம். குளிர வைக்கவும் அத்தனை ஆள் வேண்டாம்.

அவள் நீட்டிய கணக்கைப் படித்துவிட்டு மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல யோசனைதாம்மா. ஆனா இது கரண்ட்டுக்காகவா, வீட்டுக்காரருக்காகவா?"

"ரெண்டுக்குந்தான் சார்."

காற்று ஓய்ந்தது, அவன் வந்தான். வந்த கையோடு அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டான். சமையலறைக் குழாயின் கசிவை நிறுத்தினான். வாசலில் அவன் செருப்பு கிடப்பதைப் பார்க்கவே அவள் அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அந்த ஆண்டு காற்று முன்கூட்டியே கிளம்பிவிட்டது. திரையில் காற்றளவுக் கோடு ஏறுவதை முதலில் பார்த்தவளும் அவள்தான். விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, காத்திருந்த கணக்குகளைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, அங்க காத்து எழும்பிடுச்சு."

"தெரியும். இப்பதான் கூப்பிட்டாங்க." அவன் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. "நீ வந்துடேன். சேர்ந்து சாப்பிட்டுட்டுக் கெளம்பறேன்."

மேலாளரிடம் சொல்லக்கூட நிற்காமல் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.